நேர்ந்துவிட்ட கோழிகள்

செவ்வாய், இரவு

முட்டைப் பண்ணையில் கறிக்குக் கழித்துவிட்ட நான்கு கூண்டுக் கோழிகளை எண்ணூருக்குக் கொண்டுவந்து ஒன்பது நாள் ஆகிறது. மண்ணில் கால் வைக்கவே பயந்தவை, இன்று காலையில்தான் வாசல் மணலைக் கிளறின.

தெருவில் யாரும் பிடித்துக் குழம்பு வைத்துவிடக் கூடாதே என்று, அம்மனுக்கு நேர்ந்துவிட்டவை என்று முதல் நாளே சொல்லிவைத்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

சாயங்காலம் பக்கத்து வீட்டு அம்சா அக்கா நொய் கொண்டுவந்து போட்டாள்.

"நல்லா துன்னட்டும்மா. ஆடிக் கூழுக்கு இன்னும் மூணு வாரம்தான் கீது. யாரு அறுக்கறதுன்னு தெருவே கேட்டுகினு கீது."

அம்மன் பேரில் பொய் சொன்னேன் என்று ஒப்புக்கொள்ள எனக்கு வாய் வரவில்லை.

நொய் தீர்ந்ததும் நான்கும் அவள் பின்னாலேயே போயின.