ஊதி அணைத்த விளக்கு

இரத்தோட்டை

மதிப்புக்குரிய கணவருக்கு வணக்கம்.

நான் நலம். மூட்டுவலித் தைலத்தை அலமாரியில் வைத்திருந்தால் வலி போகாது, தடவ வேண்டும்.

சென்ற வெள்ளி மாலை சமையலறையில் காஸ் கசிந்திருந்தது. வீட்டுக்கார அம்மா காத்தாயி, குவைத்திலிருக்கும் மகளுக்காக ஏற்றிய விளக்கோடு உள்ளே நுழையப்போனார். விளக்கிச் சொல்ல நேரமில்லை. குறுக்கே நின்று வாயால் ஊதி அணைத்தேன். பிறகு சிலிண்டரை மூடினேன்.

“மக பேருக்கு ஏத்துன விளக்க ஊதிட்டீங்களே டீச்சர்.”

“காஸ் வாடை வரலையா, காத்தாயி?”

“வருது. கைய வீசி அணைச்சிருக்கலாமே.”

கைவீச்சில் அணையாதிருந்தால் மறுமுறை வீச நாங்கள் இருந்திருக்க மாட்டோம். அதை அவரும் அறிவார். ஆயினும் மகளிடமிருந்து அழைப்பு வரும்வரை என்னோடு பேசுவதாயில்லை.

வீடு நிற்கிறது, பேசத்தான் ஆளில்லை. பழைய ரேடியோவை பஸ்ஸில் அனுப்பிவிடுங்கள். பள்ளி மணி அடிக்கிறது.

உங்கள்
கமலவேணி