மீனுக்குப் போன ஐஸ்

லாங் ஐலண்ட், அந்தமான்,
8.8.2024

அகிலாவின் அப்பாவுக்கு,

சுகிர்தா எழுதுவது. நானும் அகிலாவும் நலம். மழை விடவில்லை, இரண்டு நாளாகக் கப்பலும் இல்லை. இதைப் போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் சிக்னல் இல்லை என்று நழுவிவிடுவீர்கள். கடிதத்திடம் அது நடக்காது.

நீங்கள் விருது வாங்கிய படம் பேப்பரில் வந்திருந்தது. தீவுகளின் நுரையீரல் நோய்களை ஆராய்ந்த விஞ்ஞானி டாக்டர் விஜயராஜ் என்று கீழே போட்டிருந்தார்கள். ஹெல்த் சென்டரில் எல்லோரும், நர்சம்மா வீட்டுக்காரர் என்று எனக்கு லட்டு ஊட்டிவிட்டார்கள். வெளியே போய்த் துப்பிவிட்டு வந்தேன்.

ஏன் என்கிறீர்களா? போன வாரம் கப்பல் ஏறும் ஜெட்டியில் கப்பல்காரர் முனியாண்டியைப் பார்த்தேன். உங்களை வாயாரப் புகழ்ந்தார். "சாப் ரொம்ப அச்சா ஆளு மேடம். அன்னிக்கு இன்ஜின் கராப் ஆகி வழியில ரங்கத் துறையில ஏழு மணி நேரம் நின்னோம்ல? பெரிய சாபுக்குக் கொண்டுபோன சுர்மை மீன் கெட்டுடும்னு, தன்னோட டப்பாவுல இருந்த பரஃப், அதான் ஐஸு, பூரா எடுத்துக் குடுத்துட்டாரு. நான்தான் மாத்தி வெச்சேன்" என்றார். அந்த மனிதருக்கு அது மருந்து டப்பாவா சாம்பிள் டப்பாவா என்று தெரியாது. உங்களுக்குத் தெரியுமே!

எண்பத்தாறு குழந்தைகளின் மூக்கில் குச்சி விட்டுச் சளி எடுத்தது நான். கடித்தார்கள், உதைத்தார்கள், அழுதார்கள். மிட்டாய் கொடுத்துக் கொஞ்சிக் கொஞ்சி எடுத்தேன். போன வருஷம் பிப்ரவரி வெயிலில் ஐஸ் இல்லாமல் அந்தக் குச்சிகள் ஒரு பகல் முழுக்க வெந்திருக்கின்றன. கிருமி செத்துப்போகாமல் என்ன செய்யும்? போர்ட் பிளேயர் பத்துபஸ்தியில் உங்கள் பெரிய அதிகாரி வீட்டில் மீன் பிரமாதம் என்றார்களாம். நீங்கள்தான் வந்து பெருமையாகச் சொன்னீர்கள். சீ! குழந்தைகளின் சளியோடு கிடந்த ஐஸ் அது.

அதைக்கூட மன்னித்திருப்பேன். மேலதிகாரி என்றால் நீங்கள் எதையும் தூக்கிக் கொடுப்பீர்கள், தெரிந்ததுதான். ஆனால் சாம்பிள் கெட்டுவிட்டது என்று ஒரு வரி எழுதியிருக்கலாமே. எண்பத்தாறிலும் லேபில் எதுவும் வளரவில்லை என்றதும், இந்தத் தீவில் நிமோனியா கிருமியே இல்லை என்று கட்டுரை எழுதினீர்கள். நன்றாக ஓடி விளையாடுகிற குழந்தைகளிலேயே பல பேர் மூக்கில் அது இருக்கும் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்ததே நீங்கள்தானே? ஒன்றில்கூட இல்லை என்றபோது உங்களுக்கு உறுத்தவில்லையா? அந்தக் கட்டுரையை வைத்துப் பதவி உயர்வு, மெயின்லேண்டுக்கு மாற்றல், இப்போது சால்வை. அந்தச் சால்வையை இந்த வீட்டுக்குக் கொண்டுவராதீர்கள். தொடவே அருவருப்பாக இருக்கிறது.

இந்த மழையில் பதினோரு குழந்தைகள் படுத்துவிட்டார்கள். மருதாயியின் பையன் நல்லதம்பிக்கு நாலு வயது. மூச்சு விட முடியாமல் போர்ட் பிளேயரில் ஆக்ஸிஜனில் கிடக்கிறான். டாக்டர் குழு அனுப்புங்கள், மறுபடி பரிசோதனை செய்யுங்கள் என்று மேலிடத்துக்கு எழுதினேன். தேவையில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். காரணம் என்று பின் அடித்து வைத்திருந்தது உங்கள் கட்டுரையின் முதல் பக்கத்தை. என்னவோ சாதாரண இருமல் என்று மருதாயியிடம் நான் எந்த வாயால் சொல்வது?

அந்தச் சோதனை செல்லாது என்று கட்டுரை போட்ட பத்திரிகைக்கும் இலாகாவுக்கும் நீங்களே எழுதுங்கள். விருது போகும், பதவிகூடப் போகலாம். போகட்டும். என் சம்பளத்தில் மூன்று பேரும் கஞ்சி குடிக்கலாம். இருபத்தைந்தாம் தேதி வரை பொறுத்திருப்பேன். அதற்குள் எந்தப் பதிலும் இல்லையென்றால் முனியாண்டி சொன்னதை அப்படியே எழுதி, கீழே நர்ஸ் என்று கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடுவேன். குச்சி எடுத்தவள் என்கிற முறையில் எனக்கு அந்த உரிமை உண்டு.

அந்த ஊர்த் தூசி உங்களுக்கு ஒத்துக்கொள்ளாது. வெந்நீர் குடியுங்கள். அகிலா உங்கள் படத்தை வெட்டிப் புத்தகத்தில் ஒட்டி வைத்திருக்கிறாள். நான் இன்னும் அவளிடம் ஒன்றும் சொல்லவில்லை. உங்களைப் பற்றி அவளுக்கு நான் சொல்லும்படி வைத்துவிடாதீர்கள்.

இப்படிக்கு,
சுகிர்தா