தண்டவாளத்துல கரண்ட் போடாதீங்க

ஏங்க, நான் சிங்கப்பூருக்கு வேலைக்குக் கிளம்பிட்டேன். மீன் குழம்பு அடுப்பு மேல இருக்கு, சுட வச்சிக்குங்க.

வீட்டுத் தோட்டத்துல ஓடற பொம்மை ரயில் எஞ்சினைத் தொடாதீங்க. சக்கரத்துலேருந்து மோட்டாருக்குப் போற பழைய ஒயரை நான் வெட்டறதுக்குள்ள, உதவி பண்றேன்னு தண்டவாளத்துல கரண்ட் போட்டுட்டீங்க. பேட்டரியில ஓட்டறதுக்கு நான் மாட்டின புது ரேடியோ ரிசீவர் கருகிப் போச்சி. அதுக்கு மேல, "தண்டவாளத்தத் துடைச்சா ஓடும், பேட்டரி எதுக்கு?"ன்னு கத்தல் வேற.

ஓடும் லா. அடுத்த மழைக்கு தண்டவாளம் அழுக்காகி, கரண்ட் ஏறாம வாழைமரத்துக்கிட்ட மறுபடியும் நின்னுடும். இன்னைக்கு வேலை முடிஞ்சி வீட்டுக்கு வரும்போது வேற ரிசீவர் வாங்கிட்டு வரேன். ஒயரை வெட்டிட்டு, பேட்டரியிலேயே ஓட்டிக் காட்டறேன், பாருங்க.

சார்ஜர் கூரியர்ல வரும். வாங்கி வைங்க, பிரிக்காதீங்க.

கிறிஸ்டின்

ரிமோட்டத் தேடாதீங்க. என் ஹேண்ட்பேக்குல இருக்கு.

இன்னொண்ணு. ஒவ்வொரு மழைக்கும் நீங்க முட்டி போட்டு தண்டவாளத்தத் துடைக்கிறத சமையல்கட்டு சன்னல்லேருந்து பாத்துக்கிட்டுதான் இருக்கேன். எழுந்திரிக்க செவுத்தப் பிடிக்கிறீங்க. இனிமே சர்ச்சுல மட்டும் முட்டி போட்டா போதும்.