சோப்பு நுரைக்காத வீடு

மார்ச் 3, திங்கள்

கெட்டிலுக்குள் மறுபடியும் வெள்ளைப் படிவு. எலுமிச்சைச் சாறு ஊற்றிக் கொதிக்கவைத்ததில் செதில் செதிலாக உரிந்து வந்தது. வேதியியல் படித்த காலத்தில் இதைக் கடின நீர் என்று எழுதி மதிப்பெண் வாங்கினேன். வீட்டுக் குழாயில் வரும்போது வெறும் உப்புத் தண்ணீர். கண்ணாடித் தம்ளர்களுக்கெல்லாம் கண்புரை வந்தது போலிருக்கிறது.

எனக்குப் பழகிவிட்டது. மகளுக்குத்தான் ஒத்துவரவில்லை. போன வருடம் ஒரு வாரம் இருப்பதாக வந்தவள் இரண்டாம் நாளே பையைக் கட்டினாள். "உன் வீட்டுத் தண்ணியில குளிச்சா தலைமுடி நார் மாதிரி ஆயிடுதும்மா." அதற்குப் பிறகு வரவேயில்லை. கூப்பிட்டால் வேலை என்கிறாள்.

தண்ணீர்தானே? சரிசெய்துவிட்டால் வருவாள்.

மார்ச் 6, வியாழன்

வாசலில் ஒரு விற்பனைக்காரன். குழாயைச் சுற்றிக் காந்தம் கட்டினால் போதுமாம்.

"உப்பெல்லாம் பயந்து ஓடிடும் மேடம்."

"ஓடி எங்க போகும்?"

கொஞ்சம் யோசித்தான். "கீழ் வீட்டுக்கு."

கதவைச் சாத்திய பிறகுதான் சிரித்தேன். ஏன், அவன் எதிரிலேயே சிரித்திருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும்?

மார்ச் 11, செவ்வாய்

அலுவலகத்தில் இன்று யாருடனும் பேச வேண்டி வரவில்லை. நல்ல நாள் என்றுதான் சொல்ல வேண்டும்.

மார்ச் 15, சனி

பிளம்பர் கடின நீரை மென்னீராக்கும் சாஃப்டனர் மாட்டிவிட்டுப் போனார். ஆள் உயர உருளை, பக்கத்தில் உப்புத் தொட்டி. தண்ணீரில் உள்ள உப்பை எடுக்க உப்பே போட வேண்டும் என்பதை விளக்கிவிட்டு, நான் நம்பவில்லை என்று நினைத்து இன்னொரு முறை விளக்கினார். எனக்குத் தெரியும் என்று சொல்லவில்லை. வீட்டில் ஒரு குரல் கேட்டுக்கொண்டிருந்தது, இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

மகளை அழைத்தேன். "தண்ணியை மாத்திட்டேன். இனிமே வரலாம்."

"பார்க்கிறேம்மா."

மார்ச் 16, ஞாயிறு

அவமானம். வழக்கம்போல இரண்டு கை நிறையச் சோப்புத்தூள் அள்ளி வாஷிங் மெஷினில் போட்டேன். உப்புத் தண்ணீருக்குப் பழகிய கை. நுரை மூடியைத் தள்ளிக்கொண்டு வந்தது, தரையெல்லாம் நுரை. கொஞ்ச நேரத்தில் அழைப்பு மணி. கீழ் வீட்டு நர்ஸம்மா, முழங்கால்வரை புடவையைத் தூக்கிச் செருகியபடி.

"என்னங்க நடக்குது மேல? என் பாத்ரூம் ஜலதாரை வழியா நுரை பொங்கி வருது. பூனை கட்டில்மேல ஏறி நிக்குது!"

மன்னிப்புக் கேட்டேன். துடைப்பத்தை என் கையிலிருந்து பிடுங்கி அவரே தள்ள ஆரம்பித்தார். போகும்போது சொன்னார்: "இவ்வளவு நாளா மேல வீடு காலியா கெடக்குதுன்னுல்ல நெனச்சேன்."

நான் இங்கே குடிவந்து ஆறு வருடமாகிறது.

மார்ச் 19, புதன்

மகளிடம் நுரைக் கதையைச் சொன்னேன். பூனை கட்டிலில் ஏறியதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து எவ்வளவு காலமாயிற்று! பிறகு சட்டென்று சொன்னாள்: "அம்மா, தண்ணி ஒரு காரணமே இல்ல."

"பின்னே?"

"அப்பா போனப்புறம் நீ என்கிட்ட பேசறதே இல்ல. சாப்பிடும்போது புத்தகம். நான் பேசினா 'ம்'. அந்த வீட்டுல ரெண்டு நாளைக்கு மேல எனக்கு மூச்சு முட்டுதும்மா."

ம் என்றேன். சொன்ன பிறகுதான் என் காதில் விழுந்தது.

மார்ச் 20, வியாழன்

இதைச் சொல்றதுக்கு ஒரு வருஷமா? தலைமுடி, நார்னு எதுக்குடி பொய்? — நான்தான் உடனே நம்பினேன். எதையும் நம்பாதவள். பிளம்பரை வைத்துச் சரிசெய்துவிடக்கூடிய காரணமாக இருந்ததே, அதனாலா?

மார்ச் 29, சனி

காலையில் வந்தாள். குளித்துவிட்டுத் துவாலையோடு வந்து நின்றாள்.

"என்னம்மா தண்ணி இது, வழவழன்னு? எவ்வளவு ஊத்தினாலும் சோப்பு போன மாதிரியே இல்ல."

கை தன்னால் போனைத் தேடியது, பிளம்பரைக் கேட்கலாமென்று. எடுக்கவில்லை. அவளைக் கட்டிலில் உட்காரவைத்துப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"வேற என்னென்ன குறை? எல்லாத்தையும் சொல்லு."

"நெஜமாவா?"

"நெஜமாத்தான்."

ஆரம்பித்தாள். சில இடங்களில் எனக்குக் கோபம் வந்தது, மறுத்தேன், அவளும் விடவில்லை. விளக்குப் போடும் நேரமாகியும் முடியவில்லை.