எட்டால் வகுத்த கடல்

மார்ச் 2, சனி

இன்று மாலை மனித குலத்தின் சார்பாக நீருக்கடியில் இறங்கினேன். இடம், என் மெத்தைக் கடைக்கு நேர் எதிரே உள்ள நீச்சல் குளத்தின் ஆழமான மூலை. பன்னிரண்டு அடி என்று சுவரில் எழுதியிருக்கிறார்கள். சுவருக்கு என்ன தெரியும்? நான் இறங்கும்போது மூன்று மாடி இருந்தது.

முதுகில் சிலிண்டர், இடுப்பில் ஈயக்கட்டி, காலில் வாத்துப் பாதம். உடை மாற்றும் அறைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டேன். வாத்தாகப் பிறந்திருந்தால் இந்நேரம் பெரிய பதவியில் இருந்திருப்பேன்.

பயிற்சி கொடுப்பவள் என் அக்கா மகள். வாரநாட்களில் பள்ளிக்கூடத்தில் நீச்சல் டீச்சர். சனி, ஞாயிறுகளில் இந்த ஸ்கூபா கிளப்புக்குத் தலைவி, செயலாளர், சிலிண்டர் தூக்கும் ஆள், எல்லாம் அவளே. வேறு இடத்தில் இதைக் கற்றுக்கொள்ள வேண்டுமானால் சொத்தை எழுதி வைக்க வேண்டும். இங்கே இரண்டு செட் உடையை எட்டுப் பேர் மாற்றி மாற்றிப் போட்டுக்கொள்கிறோம். முந்தின ஆளின் ஈரம் நமக்கு இலவசம். அதனால்தான் ஒரு பஸ் டிரைவரும், ஒரு நர்ஸும், என் போன்ற மாவீரர்களும் கடலைப் பற்றி யோசிக்கவே முடிகிறது.

இந்தக் கலையில் எனக்குப் பிடிக்காத ஒரே அம்சம், தண்ணீருக்குள் பேச முடியாது. எல்லாம் கை ஜாடை. கட்டைவிரலைத் தூக்கினால் 'மேலே போகணும்' என்று அர்த்தமாம். நான் 'பிரமாதம்' என்று தூக்கத் தூக்க, அவள் என் தோளைப் பிடித்து மேலே கொண்டுவந்து விட்டாள். மூன்று தடவை.

"மாமா, மூச்சு முட்டுதா?"

"இல்லம்மா, சந்தோஷமா இருக்கேன்."

"சந்தோஷத்துக்கு ஜாடை கிடையாது. கைய கட்டிக்கிட்டு சும்மா இருங்க."

வீட்டுக்கு வந்து வீட்டுக்காரியிடம், முப்பது அடி ஆழம் என்றேன். அவள் காய் நறுக்கிக்கொண்டே உதட்டை அசைத்தாள். வகுக்கிறாள். கல்யாணமான புதிதில் நான் சொல்வதை இரண்டால் வகுத்துக்கொண்டிருந்தாள். வருஷம் ஏற ஏற வகுக்கும் எண்ணும் ஏறி, இப்போது எட்டில் நிற்கிறது.

"நாலு அடி கூட வரல" என்றாள். "குளிச்சிட்டு வந்தேன்னு சொல்லிட்டுப் போங்களேன்."

மார்ச் 3, ஞாயிறு

காதுக்குள் தண்ணீர். நீச்சல் குளத்தில் மீன் கிடையாது என்கிறார்கள். என் காதில் ஒன்று இருக்கிறது.

மார்ச் 6, புதன்

மெத்தை விற்பதில் என் தொழில் ரகசியம் ஒன்று உண்டு. வந்தவரை முதலில் படுக்க வைத்துவிட வேண்டும். நின்றுகொண்டிருப்பவர் கதை நடுவில் நழுவிவிடுவார். படுத்தவர் எங்கே போவார்?

இன்று ஒரு அம்மா வந்தார். முதுகுவலியாம். எதிர்ப்பக்கம் நீச்சல் குளத்தில் ஏதோ வேலையாக வந்தவர், போர்டைப் பார்த்து ரோட்டைத் தாண்டியிருக்கிறார். கையில் ஃபைல், மூக்குக்கண்ணாடி, சிரிக்காத முகம். படுத்ததும் கேட்டார்: "எதிர்ல ஸ்கூபா கிளப் ஒண்ணு நடக்குதே, தெரியுமா சார்?"

என்னிடமா இந்தக் கேள்வி?

"தெரியுமாவா? நானே அதுல மூணு தடவை செத்துப் பொழச்சவன் மேடம். சிலிண்டர்ல காத்து தீந்துடுச்சு. பதினோரு நிமிஷம் வெறும் மன உறுதியில மூச்சு விட்டேன். டிரெய்னர் எங்கன்னு பாத்தா, அது அடியில ஒரு மூலையில தூங்குது. அப்புறம் என்ன பண்றது? டிரெய்னர ஒரு கக்கத்துல, பஸ் டிரைவர ஒரு கக்கத்துல இடுக்கிட்டு மேல வந்தேன்."

அவர் எழுந்து உட்கார்ந்துவிட்டார். மெத்தையைப் பற்றி யோசித்துச் சொல்கிறேன் என்று விறுவிறுவெனப் போனார். முதுகுவலி போன இடம் தெரியவில்லை. கதை கேட்டே குணமான முதல் நோயாளி.

மார்ச் 9, சனி

குளம் பூட்டியிருந்தது.

அக்கா மகள் வாசல் படியில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் சிலிண்டர்கள், பள்ளிக்கூட வேன் வராத பிள்ளைகள் மாதிரி வரிசையாக.

"இன்சூரன்ஸ நிறுத்தி வெச்சுட்டாங்க மாமா" என்றாள். பயிற்சியில் யாருக்காவது ஏதாவது ஆகி, கிளப்பின் மேல் வழக்குப் போட்டால், அந்த நஷ்டத்தைக் கட்டுவது அந்த இன்சூரன்ஸ்தான். வருஷா வருஷம் புதுப்பிக்க வேண்டும். அது இல்லாவிட்டால் குளத்துக்காரர் சாவி தரமாட்டார், படகுக்காரர் ஏற்ற மாட்டார். பெரிய கிளப்புகளுக்குப் பத்துக் கம்பெனி கதவைத் திறக்கும். எங்கள் சுண்டைக்காய்க் கிளப்புக்குக் கிடைத்தது இந்த ஒரு கம்பெனிதான்.

"ஏம்மா நிறுத்தினாங்க?"

"அவங்க ஆபீஸர் குளத்த செக் பண்ண வந்திருக்காங்க. அப்ப நம்ம மெம்பர் ஒருத்தரே அவங்ககிட்ட சொன்னாராம். நம்ம சிலிண்டர்ல காத்து இல்லையாம். தண்ணிக்கடியில நான் தூங்கினேனாம். அவர்தான் என்னையும் டிரைவர் அண்ணனையும் கக்கத்துல இடுக்கிட்டு வந்தாராம்."

"என்னையா? யாரு கக்கம்?" என்றார் பஸ் டிரைவர். அவர் எடைக்கு அது நியாயமான கேள்வி.

நான் இரண்டு கக்கங்களையும் உடம்போடு இறுக்கி வைத்துக்கொண்டு, "யாரோ விஷமி" என்றேன்.

மார்ச் 10, ஞாயிறு

ஒரு காதில் மீன். மறு காதில் மனசாட்சி. இரண்டில் மீன் தேவலை.

மார்ச் 11, திங்கள்

யாருக்கும் தெரியாமல் முடித்துவிடலாம் என்று இன்சூரன்ஸ் ஆபீசுக்கே படையெடுத்தேன். நான்காவது மாடி. லிஃப்ட்டில் நான்கு தடவை ஒத்திகை பார்த்தேன். 'நான் அன்றைக்குச் சொன்னது தவறு' - நான்கே வார்த்தை. உள்ளே போய் அந்த அம்மாவைப் பார்த்ததும் வாய் தானாக வேறு பக்கம் திரும்பிவிட்டது.

"மேடம், அந்தக் குளத்த விடப் பத்திரமான இடம் பூமியிலயே கிடையாது. பச்சக் குழந்தைய தூக்கிப் போட்டா கூட, அது நீந்தி வந்து நமக்கு நன்றி சொல்லும். அந்த டிரெய்னர் பொண்ணு பொறந்ததுல இருந்து கண்ண மூடினதே இல்ல."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அன்னைக்குத் தூங்கினாங்கன்னீங்க. இன்னைக்குத் தூங்கினதே இல்லைங்கறீங்க. எது சார் பொய்?"

"ரெண்டும் கொஞ்சம் கொஞ்சம்" என்றேன்.

"எனக்குக் கதை வேணாம். நடந்தது நடந்தபடி வேணும். சனிக்கிழமை நேர்ல வந்து ஒரு பயிற்சிய பாக்கறேன். அன்னைக்கு மட்டும் குளத்த திறந்துவிடச் சொல்றேன். அப்புறம் முடிவு பண்ணிக்கலாம்."

படியிறங்கி வந்தேன். லிஃப்ட்டின் முகத்தில் விழிக்கப் பிடிக்கவில்லை.

மார்ச் 12, செவ்வாய்

சொல்லிவிட்டேன். அக்கா மகளிடம். கக்கம் என்னுடையது என்று.

கத்துவாள் என்று தயாராகப் போயிருந்தேன். கத்தவில்லை. ஈர உடைகளைக் கொடியில் போட்டுக்கொண்டே கேட்டாள். கடைசித் துணியையும் போட்டுவிட்டுத்தான் திரும்பினாள்.

"ஊரெல்லாம் என்னைப் பத்திப் பெருமையா பேசுறீங்கன்னு நெனச்சேன் மாமா. உங்க கதையில நான் தூங்கிட்டு இருக்கேன். டிரைவர் அண்ணன் மயக்கமா இருக்காரு. நீங்க மட்டும்தான் முழிச்சிருக்கீங்க."

சும்மா விளையாட்டுக்குத்தானே சொன்னேன்னு வாய் வரைக்கும் வந்துச்சு. விளையாட்டுதான். ஆனா அவ தலையில ஏறி நின்னு விளையாடியிருக்கேனே, முட்டாள். ஒரு தடவையாவது 'அவதான் என்னைக் காப்பாத்தினா'ன்னு கதை விட்டிருக்கேனா? கேட்டா வேணாம்னா சொல்லப்போறா?

வகுத்துப் பார்க்கிறேன். எட்டால் வகுத்தும் குறையவில்லை.

மார்ச் 16, சனி

தலைகூட இன்னும் காயவில்லை. ஆனாலும் எழுதிவிட வேண்டும்.

இன்சூரன்ஸ் அம்மா குளக்கரையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்து நாற்காலியில் என் வீட்டுக்காரி, மடியில் துண்டோடு. "நீங்க என்ன கூத்து பண்ணப்போறீங்கன்னு பாக்க வந்தேன்" என்று வந்திருந்தாள். அவளுக்கும் விஷயம் போய்விட்டது. நான் உடை மாற்றிக்கொண்டு வரும்போதே அந்த அம்மா அவளிடம் விசாரணையை ஆரம்பித்திருந்தார்.

"உங்க வீட்டுக்காரர் பேச்ச எந்த அளவுக்கு நம்பலாம்?"

"எட்டால வகுத்துக்கோங்க மேடம். நான் அப்படித்தான் குடும்பம் நடத்துறேன்."

"மூணு தடவை செத்துப் பொழச்சேன்னு சொன்னாரே?"

"அப்ப அரைத் தடவை கூட சாகல."

இன்றைய பாடம், அடியில் மண்டியிட்டு, மூக்கையும் சேர்த்து மூடும் கண்ணாடியைக் கழற்றி, மறுபடி மாட்டி, மூக்கால் ஊதி உள்ளே புகுந்த தண்ணீரை வெளியேற்றுவது. பஸ் டிரைவர் செய்தார். நர்ஸ் செய்தார். நான் கழற்றினேன். மூக்கில் தண்ணீர் ஏறியது. அவ்வளவுதான், எது மேல், எது கீழ் என்று தெரியவில்லை. வாயிலிருந்த குழாயைக்கூட நானே பிடுங்கப் பார்த்தேன். ஓடத் தோன்றியது. பன்னிரண்டு அடித் தண்ணீரில், எங்கே ஓடுவது?

ஒரு கை என் வார்ப்பட்டையைப் பிடித்தது. இன்னொரு கை குழாயை வாயோடு சேர்த்து அழுத்திக்கொண்டது. வார்ப்பட்டையை விட்ட கை, மூடியிருந்த என் கையை விரித்து அதில் ஒரு விரலால் தட்டியது. மெதுவாக, ஒரே தாளத்தில். தட்டும்போது இழு, எடுக்கும்போது விடு. எனக்கு அது புரிந்தது. மூச்சு அந்த விரலின் பின்னால் போனது. பிறகு அவள் என்னை மேலே கொண்டுவந்தாள். அவசரமே இல்லாமல், மாடிப்படியில் முதியவரைக் கூட்டி வருவதுபோல.

கரையில் உட்கார்த்தி வைத்துத் துண்டைப் போர்த்தினார்கள். இன்சூரன்ஸ் அம்மா முன்னால் வந்து நின்றார்.

"கீழ என்ன சார் நடந்துச்சு?"

என் வாய் என்னைக் கேட்காமலே ஒரு ஆக்டோபஸைத் தயார் செய்திருந்தது. எட்டுக் கையும் எனக்குத் தெரிந்தது. வாசலில் வந்து நின்றது. திருப்பி அனுப்பினேன்.

"கண்ணாடியக் கழட்டினேன். பயந்துட்டேன். ரொம்பப் பயந்துட்டேன் மேடம். குழாயக் கூட துப்பப் பாத்தேன். இவ புடிச்சுக்கிட்டா. மூச்சு விடச் சொல்லிக் கொடுத்தா. மெதுவா கொண்டுவந்தா. நான் ஒண்ணும் பண்ணல."

பஸ் டிரைவர் தரையைப் பார்த்தார். வீட்டுக்காரியின் உதடு பழக்க தோஷத்தில் அசையத் தொடங்கி, நின்றுவிட்டது.

"இதுக்கு முன்னாடி ரெண்டு கதை சொன்னீங்க" என்றார் இன்சூரன்ஸ் அம்மா. "ரெண்டுலயும் நீங்க பயப்படவே இல்ல. இதுல பயந்திருக்கீங்க. அதனால இது நடந்திருக்கு." பிறகு அக்கா மகளிடம் திரும்பி, "இந்த மாதிரி ஒருத்தர் பதறினா என்ன செய்யணும்னு எல்லாருக்கும் கத்துக் கொடுத்திருக்கீங்களா?" என்றார்.

"இன்னும் இல்ல மேடம். அடுத்த பாடம் அதுதான்" என்றாள் அவள். அவளும் பொய் சொல்லவில்லை. நம் குடும்பத்துக்கு என்ன ஆயிற்று?

மார்ச் 21, வியாழன்

வந்துவிட்டது! கிளப்புக்கு இன்னும் ஒரு வருஷம் இன்சூரன்ஸ். சாவியும் கிடைத்துவிட்டது.

மாலையில் அந்த அம்மா கடைக்கே வந்தார். அதே மெத்தையில் படுத்தார். நான் வாயைத் திறந்தேன். படுத்தவாக்கிலேயே கையை உயர்த்தி, "மெத்தை மட்டும் போதும் சார்" என்றார். வாங்கிக்கொண்டு போனார். கதையில்லாமல் நான் விற்ற முதல் மெத்தை. அது இரவில் எப்படித் தூங்கப்போகிறதோ.

மார்ச் 23, சனி

அக்கா மகள் நிபந்தனை போட்டாள். கடலுக்குக் கூட்டிப்போவாள். ஆனால் கடலைப் பற்றி நான் எங்கே பேசினாலும் பார்த்ததை மட்டும்தான் சொல்ல வேண்டும். ஒரு மீனைக்கூட வளர்க்கக் கூடாது.

கண்ணாடியைக் கழற்றி மாட்டினேன். ஐந்தாவது முயற்சியில். சந்தோஷத்தில் கட்டைவிரலைத் தூக்கினேன். மேலே கொண்டுபோய் விட்டாள்.

ஏப்ரல் 7, ஞாயிறு

கடல்.

பத்து மீட்டர் இறங்கினோம். தண்ணீர் குளிர்ந்தது. ஒரு பாறை இருந்தது. பாறைக்குப் பக்கத்தில் ஒரு மீன், என் உள்ளங்கை அளவு, நீலம், வாலில் மஞ்சள். என்னைப் பார்த்தது. நானும் பார்த்தேன். போய்விட்டது.

வீட்டில் வந்து இதை இப்படியே சொன்னேன். வீட்டுக்காரி உதட்டை அசைத்தாள்.

"பத்து மீட்டர்னா ஒண்ணே கால் மீட்டர். மார்பளவுத் தண்ணி. உள்ளங்கையில எட்டுல ஒண்ணுன்னா... ஏங்க, எறும்பப் பாத்துட்டு வந்தீங்களா?"

"நெஜமாவே உள்ளங்கைதான்டி."

"அத்தை, மாமா சொல்றது கரெக்ட்தான்" என்றாள் அக்கா மகள்.

"உன்னையும் கூட்டு சேத்துக்கிட்டாரா?"

வாழ்நாளில் முதல் முறையாக வீட்டுக்காரியிடம் உண்மையைச் சொல்கிறேன். எறும்பாகிவிட்டது. பொய் சொல்லியிருந்தால் ஒரு நடுத்தர மீனாவது மிஞ்சியிருக்கும். கோபத்தில், "நம்பலைன்னா நீயே வந்து இறங்கிப் பாரு" என்றேன்.

ஏப்ரல் 13, சனி

நர்ஸ் போட்ட உடை வீட்டுக்காரிக்குச் சரியாக இருக்கிறதாம். நான் விளையாட்டுக்குத்தானே சொன்னேன்?

ஏப்ரல் 20, சனி

வீட்டுக்காரிக்கு இன்று குளத்தில் முதல் பாடம். எனக்குக் கடையில் வேலை, கூடப் போக முடியவில்லை. திரும்பும்போது பார்த்தேன், ஈரத் தலையோடு ரோட்டை இரண்டு பக்கமும் பார்க்காமல் தாண்டி வந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் அவள் தங்கைக்குப் போன். நான் சமையலறையில் காய் நறுக்கிக்கொண்டிருந்தேன்.

"எவ்ளோ ஆழம்ங்கற? முப்பது அடி இருக்கும்டி. கீழ ஒரே இருட்டு. எல்லாரும் பயந்து நடுங்குறாங்க, நான் மட்டும் அசரல. அந்த பஸ் டிரைவர் இருக்காரே, அவர் ஒரு நிமிஷம் தடுமாறினாரு பாரு, நான்தான் ஒரு கையில..."

நடுவில் ஒரு தடவை திரும்பி என்னைப் பார்த்தாள்.

நான் காயைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உதட்டை அசைக்கவில்லை.