ஏழு பாட்டில், ஒரே தண்ணீர்

மார்ச் 11

ஏழு ஊர்களின் குடிநீர் மாதிரி இன்று ஆய்வகத்துக்கு வந்தது. எங்கள் ஊரும் அதில் ஒன்று. கடினத்தன்மை ஏழு பாட்டிலிலும் 212. மறுபடி செய்தேன். 212. மலையடிவாரக் கிணறும் ஆற்றோரக் கிணறும் ஒரே எண்ணைத் தருமா?

மாதிரி எடுத்துவரும் ஒச்சாண்டி அண்ணனைக் கேட்டேன். மூன்று மாதமாக ஜீப்புக்கு டீசல் இல்லையாம். ஆய்வகத்துக்குப் பின்னால் உள்ள குழாயிலேயே பிடித்திருக்கிறார். "எல்லாம் பூமிக்குள்ள இருந்து வர்றதுதான பாப்பா."

பொறியாளர் வைகுண்டராஜ் சாரிடம் சொன்னேன். சிரித்தார். ஏழு சான்றுகளை நீட்டினார் — குடிக்க உகந்தது. கையெழுத்திட்டேன்.

ஏன் இட்டேன்? தகுதிகாண் பருவம் முடிய நான்கு மாதம் இருக்கிறது. அதனால்தான்.

மார்ச் 19

மேலிடத்துக்கு எழுதியிருந்தேன். பதில்: உரிய வழியில் அனுப்பவும். உரிய வழி என்றால் வைகுண்டராஜ் சார்.

மார்ச் 22

தண்ணீர் தினக் கிராமசபை. ஊராட்சிச் செயலர் எங்கள் ஊர்ச் சான்றை வாசித்தார். எழுந்துவிட்டேன்.

"அந்தக் கையெழுத்து என்னோடது. அந்தத் தண்ணி நம்ம ஊருது இல்ல."

பக்கத்துத் தெரு ஜக்கம்மா அக்கா கேட்டார்: "பெறகு எந்த ஊருத் தண்ணி ஆத்தா?"

"எங்க ஆபீஸ் குழாய்த் தண்ணிதான், அக்கா."

சிரித்தார்கள். நானும். சிரித்தபடியே தீர்மானம் போட்டார்கள்: மறு ஆய்வு வேண்டும். வீட்டுக்கு நடக்கையில் கால் லேசாக இருந்தது. பயம் சாப்பிடும்போதுதான் வந்தது.

மார்ச் 28

குறிப்பாணை. அலுவலக விஷயத்தைப் பொதுவில் பேசியது நடத்தை விதி மீறல். பதினைந்து நாளில் விளக்கம் தர வேண்டும். சார் தணிவாகத்தான் பேசினார். ஒரு வரி வருத்தம் எழுதினால் முடித்துவிடலாமாம்.

அம்மா: "அவுகதான் சொல்றாகள்ல, எழுதிக் குடுத்துட்டு வாயேன் கிளாரா. வேல போச்சுன்னா அங்கன இங்கன அலையணும்."

மார்ச் 29

ஆய்வகத்தில் ஊழியர். கிராமசபையில் வாக்காளர். எழுந்து நின்றது எவள்? — இரண்டு பேரும்தான் என்று தோன்றுகிறது.

ஏப்ரல் 5

வருத்தம் எழுதினேன். "பரிசோதிக்காத தண்ணீருக்குச் சான்று தந்ததற்கு வருந்துகிறேன். அதை என் ஊரில் சொன்னதற்கு வருந்த இயலவில்லை."

தீர்மான நகலை இணைக்கும்போது கையெழுத்துகளைப் பார்த்தேன். அறுபத்து மூன்றாவது, மதலேனாள். அம்மா. சொல்லவே இல்லை.

ஏப்ரல் 29

ஆணை. எச்சரிக்கை. தகுதிகாண் பருவம் ஆறு மாதம் நீட்டிப்பு. வேலை இருக்கிறது.

ஜீப்புக்கு டீசல் வந்துவிட்டது. மறு ஆய்வில் எங்கள் ஊர்த் தண்ணீர் தேறவில்லை, தொட்டியைக் கழுவுகிறார்கள். வரும் வழியில் ஒரு கிலோ பன்னீர் திராட்சை வாங்கினேன். பேருந்திலேயே பாதி தீர்ந்தது.

மே 1

ஒச்சாண்டி அண்ணன் போன் செய்தார். வருசநாட்டுப் பக்கம் அவர் ஊர்க் கிராமசபையில், குழாயில் பிடித்தது தான்தான் என்று எழுந்து சொல்லிவிட்டாராம்.

"எனக்கும் மெமோ வருமா பாப்பா?"

"வரும்ணே."

"வரட்டும்."

மே 11

வந்துவிட்டது. அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு அண்ணன் எங்கள் வீட்டுக்கு வந்தார். என் பதிலின் நகலை எடுத்து வைத்திருந்தேன். வேண்டாம் என்றார். வெள்ளைத்தாள் மட்டும் கேட்டார். அம்மா கொடுத்த காப்பியை ஓரமாக நகர்த்திவிட்டு எழுத ஆரம்பித்தார். ஒரு மணி நேரம்.

நான் எட்டிப் பார்க்கவில்லை.