சாமந்திக்கு எரியும் விளக்கு

திரிங்காப், செவ்வாய்க்கிழமை

என்னங்க,

நீங்களும் துளசியும் நல்லா இருக்கீங்களா? பிள்ளைக்கு இருமல் நின்னுச்சா? எனக்கு ஒண்ணுமில்ல, குளிர்தான் எலும்பு வரைக்கும் ஏறுது.

டெலஸ்கோப்புல மாட்ட நீங்க அனுப்புன மூணாவது ஃபில்டரையும் இந்தப் பார்சல்லயே திருப்பி அனுப்புறேன். அது தடுக்குறதெல்லாம் பழைய மஞ்சள் பல்பு வெளிச்சத்தைத்தான். எங்க பூத்தோட்டத்துல இப்ப எல்லாமே வெள்ளை எல்.இ.டி. சாமந்தி சீக்கிரம் மொட்டு விடக் கூடாதுன்னு ராத்திரியிலயும் எரிய விடுறோம். எதிர்ல இருக்குற தேயிலைத் தோட்டத்து லயத்து வீடுங்க வரைக்கும் பகல் மாதிரி இருக்கு. ஃபில்டரை மாட்டுனா நட்சத்திரமும் மங்குது, ஓரியன் நெபுலாவும் காணோம். கூட வேலை செய்யுற சுபத்ரா அக்கா, "அந்தக் கண்ணாடிய விளக்குல மாட்டுனா என்ன லா?"ன்னு கேக்குறாங்க. உங்களவிட அவங்களுக்கு விவரம் இருக்கு.

சுவிட்ச் போடுறதே நான்தானே! கடுப்பாகி நேத்து பத்து நிமிஷம் அணைச்சுட்டேன். முதலாளி தவுக்கேக்குத் தெரியாது, பயப்படாதீங்க. ஃபில்டரே இல்லாம நெபுலா தெரிஞ்சுச்சு, பால்ல புகை கலந்த மாதிரி. "இங்க வந்து பாருங்க"ன்னு சொல்லிக்கிட்டே திரும்புனேன். பக்கத்துல உர மூட்டைதான் இருந்துச்சு. உடனே விளக்கைப் போட்டுட்டேன்.

இனிமே ஃபில்டர் வாங்காதீங்க. தடிச்ச சாக்ஸ் ரெண்டு ஜோடி போதும். துளசிக்கு லீவு விட்டதும் பஸ் டிக்கெட்டும் ரெண்டு வாங்குங்க.

ஏழு மணி ஆச்சு. விளக்குப் போடப் போறேன்.

நவமணி